பெங்களூரில் ரம்புட்டான் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பெங்களூர் நர்சரிகளில் இப்போது ரம்புட்டான், மங்குஸ்தான் கன்றுகள்கூடக் கிடைக்கின்றன. ஆசையாக வாங்கிப்போய் மாடியிலோ கொல்லையிலோ வைக்கிறார்கள். கொஞ்ச காலம் தளதளவென்று தளிர் விடும். பிறகு இலை நுனி கருகத் தொடங்கும். “குளிர் ஊர், அதான்” என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பாவம், குளிர். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருந்தாலும் இங்கே உறைபனி கிடையாது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் 15, 16 டிகிரியில் நிற்கும். பதிவானதிலேயே மிகக் குறைவு 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். இந்தக் குளிரில் ரம்புட்டானின் வளர்ச்சி மந்தமாகுமே தவிர, உயிர் போகாது. வில்லன் வேறு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வீசும் வறண்ட காற்று. மழைக்காட்டில் பிறந்த மரத்துக்கு அந்த மதியங்கள் ஆகாது.

இதற்குச் சாட்சி பெங்களூரின் விளிம்பிலேயே இருக்கிறது. ஹெசரகட்டாவில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா கூர்க் அருண்’, ‘அர்கா கூர்க் பீதாப்’ ரம்புட்டான் ரகங்கள் உருவானது ஹெசரகட்டாவில் அல்ல, குடகிலுள்ள அதன் செட்டள்ளி நிலையத்தில். செட்டள்ளியும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம்தான்; பெங்களூரைவிட வெப்பமான இடமும் அல்ல. அங்கே கூடுதலாக இருப்பது மழையும் ஈரக்காற்றும். தமிழ்நாட்டில் மங்குஸ்தான் குற்றாலத்திலும் கல்லாறு, பர்லியாறு சரிவுகளிலும் செழிப்பதற்கும் காரணம் இதேதான்.

மாமரத்தின் கணக்கோ தலைகீழ். அது பூப்பதற்கே குளிர்ந்த இரவும் மழையில்லாத வானமும் வேண்டும். பெங்களூரின் டிசம்பரும் ஜனவரியும் அதற்கென்றே அமைந்தவை. பலாவும் அப்படித்தான் ஒத்துப்போய்விட்டது. தொட்டபள்ளாப்பூர் வட்டத்தின் தூபகெரே பலாவுக்குத் தனி மவுசு. தும்கூர்ப் பக்கத்து ‘சித்து’ பலா இரண்டரைக் கிலோ அளவில் அடக்கமாக, செம்புநிறச் சுளையோடு காய்க்கும். சிறிய குடும்பத்துக்கு அது போதும். பெங்களூர்க்காரர்கள் ‘பட்டர் ஃப்ரூட்’ என்று மில்க் ஷேக் அடித்துக் குடிக்கும் அவகாடோவுக்கும் இந்தத் தட்பவெப்பம் பிடிக்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அழுகிவிடும்.

ரம்புட்டான்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கன்றைச் சுற்றி வாழை வைத்து நிழலும் ஈரமும் கொடுக்கலாம். அடியில் சருகு மூடாக்கு, உப்பேறிய போர்வெல் தண்ணீருக்குப் பதில் சேமித்த மழைநீர். முக்கியமாக, ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்க வேண்டும். விதையில் முளைத்தது ஆண் மரமாக இருந்துவிடலாம்; பல வருடம் தண்ணீர் ஊற்றி, அது பூத்த பிறகுதான் தெரியவரும்.