டீசலைக் குடிப்பது யார்?

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை. காலை நேரம். மேஜை மேல் ஒரு சாவிக்கொத்து கிடக்கிறது. அதை வைத்தவர், ஒன்பது ஆண்டுகளாக ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டும் டிரைவர்.

"லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது மூன்றரைதான் கொடுக்கிறது. மீதி டீசல் எங்கே போயிற்று?" என்று முதலாளி கேட்டுவிட்டார்.

"திருடன் என்ற பேரோடு ஓட்ட வேண்டாமுங்க. சாவியை வைத்துக்கொள்ளுங்க முதலாளி" என்றார் டிரைவர்.

பட்டறையின் வயதான மெக்கானிக் குறுக்கிட்டார். "இரண்டு பேரும் உட்காருங்க. வண்டியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்க!"

அரை கிலோமீட்டர்தானே என்று நமக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் 2,500 லிட்டர் போதும். மூன்றரையாகக் குறைந்தால் 2,857 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 32,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம்! கடன் தவணை கட்டும் முதலாளிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

முதலில் நோட்டு

"வண்டியைத் தொடுவதற்கு முன் நோட்டைத் திறக்க வேண்டும்." இது மெக்கானிக்கின் முதல் பாடம்.

டாங்கை முழுக்க நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி முழுக்க நிரப்ப வேண்டும். ஒரு நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று நான்கு நடை பார்க்க வேண்டும். பாதையும் பாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து பெங்களூர் போகும் வண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். போகும்போது குடிக்கிற டீசல் வேறு. வரும்போது குடிக்கிற டீசல் வேறு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேய்ந்த டயரைக் கழற்றிப் புது டயர் மாட்டினால், சக்கரத்தின் சுற்றளவு கூடுகிறது. அதே தூரத்துக்குச் சுற்றுகள் குறைகின்றன. மீட்டர் கொஞ்சம் குறைத்துக் காட்டும். மைலேஜ் குறையாமலே குறைந்ததுபோல் தோன்றும்!

காசில்லாத சோதனை

நோட்டிலும் குறைவு தெரிந்தால், உடனே பம்ப்பையும் நாசிலையும் பிரிக்கக் கூடாது. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா? ஏர் பில்டர் தூசி அடைத்திருக்கிறதா? டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஓஸில் கசிவு உண்டா? ரேடியேட்டர் விசிறி, தேவையில்லாதபோதும் முழு வேகத்தில் சுற்றுகிறதா?

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு தயாரான வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால் புகை அவ்வளவாகத் தெரியாது. அந்த வடிகட்டி அடைத்தால், கரியை எரிக்க வண்டியே கூடுதல் டீசலைச் செலவழிக்கும். அது அடிக்கடி நடக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

டிரைவரின் காலும் ஒரு காரணமே. அறுபதில் போகும் வண்டி எண்பதில் போனால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டாலும் டீசல் வீண்தான். திருட்டே நடப்பதில்லை என்று மெக்கானிக் சொல்லவில்லை. "அதைக் கடைசியில் கேளுங்க" என்றுதான் சொன்னார்.

சூடான சக்கரம்

நோட்டு, டயர், பில்டர், ஓஸ் எல்லாம் சரியாக இருந்தன. மெக்கானிக்கும் வண்டியில் ஏறினார். சில கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும், தொடாமல், கையை நீட்டிப் பார்த்தார் அவர். பின்பக்கம் வலது சக்கரம் அருகே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அனல்!

டிரம்மைக் கழற்றினார்கள். பிரேக் ஷூவைத் திரும்ப இழுக்க வேண்டிய ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை விடவில்லை. அத்தனை நாளும் எஞ்சின், பாரத்தோடு பிரேக்கையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

முதலாளி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மேஜை மேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து டிரைவர் பக்கம் நீட்டினார்.

"டீ குடித்துவிட்டுக் கிளம்புப்பா" என்றார்.

மூன்று நடை கழித்து நோட்டில் ஏறிய கணக்கு 3.9. ஆள்மேல் சந்தேகப்படுவதற்கு முன், சக்கரத்தின் பக்கம் ஒரு தடவை கையை நீட்டிப் பார்ப்பது நல்லது.