வாழைமர நோட்டு வாங்கும் முன்னும் விற்கும் முன்னும்

மலாயாவில் பால்மரம் வெட்டியவர், சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பினாங்கில் கடை வைத்திருந்தவர் என்று யாராவது ஒருவர் முன்னோராக இருக்கும் வீட்டில், டிரங்குப் பெட்டியின் அடியில் நாலைந்து ஜப்பான் நோட்டுகள் கிடக்கும். ஈப்போவிலும் சரி, சிவகங்கையிலும் சரி. ஆயிரம் டாலர் என்று அச்சடித்த தாள் ஒன்று அகப்பட்டுவிட்டால் வீடே பரபரப்பாகிவிடும். அந்தப் பரபரப்பை நம்பிப் பிழைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆசையாகச் சேகரிப்பவர்களும் அதே கூட்டத்திடம்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இது என்ன காசு?

1941 டிசம்பரில் மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரைப் பிடித்தது. உடனே தன் பெயரில் டாலர் நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டது. ஒரு சென்ட்டில் தொடங்கி ஆயிரம் டாலர் வரை அச்சிட்டார்கள். பத்து டாலர் தாளில் வாழைமரம் இருந்ததால் மொத்தத்துக்கும் 'வாழைமர நோட்டு' என்று பெயர் வந்தது. தாளில் தேதி கிடையாது, அதிகாரியின் கையெழுத்தும் கிடையாது. கொண்டுவருபவருக்குப் பணம் தருவதாக ஜப்பானிய அரசின் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு வாக்குறுதி மட்டும் இருக்கும். அதற்குப் பின்னால் பொன்னிருப்பு எதுவும் இல்லை.

போர் நீள நீள அச்சடிப்பது மட்டும் நிற்கவில்லை. முதலில் வந்த தாள்களில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் அடித்தார்கள். தாளின் தரமும் சரிந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆண்களை அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் காத்திருந்த குடும்பங்கள் இந்தக் காசைக் கொண்டுதான் அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கின. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் இந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. சேமித்து வைத்தவர் கையில் வெறும் தாள் மிஞ்சியது.

இன்று பணமாக மாற்ற முடியுமா?

முடியாது. 1967 செப்டம்பரில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜப்பானுடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டன. போர்க்கால இழப்புகளுக்கான கோரிக்கைகள் அரசு அளவில் அதோடு முடிந்தன. ஹாங்காங் மக்கள் தங்களிடமிருந்த ஜப்பானிய இராணுவ யென் நோட்டுகளுக்கு ஈடு கேட்டுத் தொடுத்த வழக்கையும் 1999-ல் டோக்கியோ நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆகவே "ஜப்பான் அரசு நஷ்டஈடு தருகிறது, நோட்டின் படத்தை அனுப்புங்கள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. இந்தியாவில் இதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துகிறார்கள். பழைய நோட்டு, நாணயம் விற்பதற்குத் தான் எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. விற்பவரிடமே முன்பணம் கேட்கிறார்கள் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஏமாற்றுகிறார்கள்?

பெரிய தொகை என்றால் பெரிய விலை என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். ஆயிரம் டாலர் தாளெல்லாம் சந்தையில் ஏராளம். விலையைத் தீர்மானிப்பது தொகை அல்ல. எந்த வகை, எந்த நிலை என்பவைதான்.

எழுத்தைப் பாருங்கள். மலாயா நோட்டில் முதல் எழுத்து 'எம்'. பர்மாவுக்கு 'பி' (B), பிலிப்பைன்ஸுக்கு வேறு 'பி' (P); டச்சு இந்தியத் தீவுகளுக்கு 'எஸ்'. பர்மா தாள்களில் தொகை ரூபாயில் இருக்கும். அதைக் காட்டி 'நேதாஜி நோட்டு' என்று விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

எண்ணைப் பாருங்கள். வரிசை எண் உள்ள பத்து டாலர் தாள் எண் இல்லாததைவிட விலை கூடுதல். அதனால் சாதாரணத் தாளில் பின்னாளில் எண்ணை அடித்து விற்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணும் ஒரே மையா, ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, ஏற்கெனவே விழுந்த மடிப்பின் வெடிப்புக்குள் எண்ணின் மை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்புக்குள் மை இறங்கியிருந்தால், தாள் மடிந்த பிறகு எண் ஏறியிருக்கிறது என்று பொருள்.

நிலையைப் பாருங்கள். தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு 'யூஎன்சி', அதாவது புழங்காத புதுத்தாள், என்று விற்பதும் நடக்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் அழுத்தி மறைத்த மடிப்பு தெரியும். தரச்சான்று உறையில் வந்தால், அதன் எண்ணைச் சான்று கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, அங்குள்ள படமும் கையிலுள்ள தாளும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். போலி உறைகளும் உலவுகின்றன.

சட்டப்படி உங்கள் நிலை

இந்த நோட்டுகளை வைத்திருப்பதோ, வாங்குவதோ, விற்பதோ இந்தியாவில் குற்றமல்ல. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருள்களுக்கே பொருந்தும். 1942-ஆம் ஆண்டுத் தாள் இன்னும் அந்த வயதை எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்க வரி வரலாம். வரிக்குப் பயந்து 'வாழ்த்து அட்டை' என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். தபாலில் தொலைந்தால் இழப்பீடு கேட்க வழியிருக்காது.

உங்களுக்கான பெரிய பாதுகாப்பு 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எனவே "அசல், வரிசை எண் உள்ள வகை, அலசாதது" என்பதை விற்பவரிடமிருந்து பில்லிலோ செய்தியிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'உள்ளது உள்ளபடி, திருப்பி எடுப்பதில்லை' என்று மட்டும் எழுதித் தருபவரிடம் விலையுயர்ந்த தாளை வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால்

முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் இந்தியாவில் 1930, சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 என்ற எண்களை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள்.

போலித் தாள் கையில் வந்தால் அதைக் கிழிக்கவோ, கோபத்தில் வேறொருவர் தலையில் கட்டவோ கூடாது. தெரிந்தே போலியை அசல் என்று விற்றால் ஏமாற்றுக் குற்றம் உங்கள் மேல் வரும். உறையைப் பிரிக்கும்போதே காணொளி எடுங்கள். விளம்பரப் பக்கத்தின் படம், உரையாடல், பணம் செலுத்திய ரசீது எல்லாவற்றையும் சேமியுங்கள். இணையச் சந்தையில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. பலனில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். மறுவிற்பனைக்காக வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. மலேசியாவில் நுகர்வோர் தீர்ப்பாயமும் சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயமும் வழக்கறிஞர் இல்லாமலேயே இத்தகைய புகார்களை விசாரிக்கின்றன.

எந்த மன்றத்துக்குப் போனாலும், விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கான எழுத்து உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.