நேசமணியை உலகறியச் செய்தவர்கள்

திரைப்படக் காட்சி ஒன்றை நிறுத்திப் படமாக எடுத்து, அதன்மேல் நடப்புச் செய்திக்குப் பொருந்தும் ஓரிரு வரிகளை எழுதிப் பகிர்வதுதான் தமிழில் பரவலாக அறியப்பட்ட மீம். தேர்தல் முடிவு, மின்வெட்டு, கிரிக்கெட் தோல்வி என எது நடந்தாலும் சில நிமிடங்களில் அதற்கொரு மீம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. செய்தவர் ஒரு கல்லூரி மாணவராக இருக்கலாம். வேலை முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே தெரியாது. ஆனாலும் தமிழர்கள் எதை நினைத்துச் சிரிக்கிறார்கள், கோபத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் இவர்களுடைய பங்கு மிகப் பெரியது.

உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் ‘மீம்’ என்ற சொல்லை உருவாக்கியபோது, பார்த்துச் செய்தல் மூலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் பழக்கம், எண்ணம், மெட்டு ஆகியவற்றையே அப்படி அழைத்தார். இணைய மீமும் அப்படித்தான் பரவுகிறது. பெறுபவர் அதை அப்படியே அனுப்பலாம். படத்தை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றியும் அனுப்பலாம். நாள்தோறும் எழுதிக் குவிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை யாரும் சீண்டாமல் போகின்றன. எது நிலைக்கும் என்பதை முடிவு செய்வது, ‘ஷேர்’ பொத்தானை அழுத்தும் பெயரற்ற ஆயிரக்கணக்கான விரல்கள். 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்து இணையக் கட்டணம் சரிந்தபின் அந்த விரல்களின் எண்ணிக்கை பெருகியது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, அவர்களை அழைத்து வந்ததில் வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் பெரும் பங்கு இருந்தது.

தமிழ் மீமின் முகம் வடிவேலு. ‘வின்னர்’ (2003) படத்தின் கைப்புள்ள, ‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகர், ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ (2006) எனப் பட்டியல் நீளும். இத்தனை நகைச்சுவை நடிகர்கள் இருக்க இவரே ஏன்? அவருடைய பாத்திரங்கள் முதலில் சவடால் விடும்; அடுத்த நொடியே அடி வாங்கும்; வலியை மறைத்துக்கொண்டு மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். மேலே ஒரு படம், கீழே ஒரு படம் என்ற மீமின் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான நடிப்பு கிடைப்பது அரிது. வாக்குறுதியும் நடப்பும், மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் என எந்த முரணையும் அந்த இரண்டு முகங்கள் தாங்கும். 2011-க்குப் பின் அவர் நடிக்கும் படங்கள் வெகுவாகக் குறைந்தன. மீம் பெருகியதோ அதே பத்தாண்டில்தான். படங்கள் அருகிய காலத்தில் ஒரு கலைஞனை அன்றாடப் பேச்சில் வைத்திருந்தவர்கள் ரசிகர்களே. அந்த நன்றிக்கடன் அவர்களுக்கு உரியது.

2019 மே மாத இறுதியில் இந்த ஆற்றலை உலகமே பார்த்தது. பொறியியல் சார்ந்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டிருந்தது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஜமீன் அரண்மனையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதுதான் பதம் பார்த்தது என்றும் எழுதினார். அது ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு நடித்த காட்சி. விவரம் அறியாத ஒருவர், அவர் இப்போது நலமா என்று அக்கறையோடு விசாரிக்க, தமிழர்கள் அந்த விளையாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நேசமணிக்காகப் பிரார்த்திக்கக் கோரிய ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. மே 30 அன்று நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்றார். அன்றும் நேசமணி பேச்சு ஓயவில்லை. திட்டமிட்டவர் எவருமில்லை, விளம்பரச் செலவும் இல்லை. பதினெட்டு ஆண்டுப் பழைய காட்சி ஒன்று அத்தனை பேருக்கும் மனப்பாடமாக இருந்ததே போதுமானதாக இருந்தது.

மக்கள் நாவில் நிலைத்த வசனங்களைத் திரையுலகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013), ‘நானும் ரௌடி தான்’ (2015) ஆகிய தலைப்புகள் வடிவேலு காட்சிகளில் பிறந்தவை. ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ (2022) படத்தில் அவரே நாயகன். மொழியிலும் இதன் தடம் உண்டு. ஏட்டில் அதிகம் இடம் கிடைக்காமல் இருந்த மதுரைப் பேச்சு மீம் வழியே எழுத்தாகி, சென்னையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் படிக்கப்படுகிறது.

இதே வழியில் கொடுமையும் பரவுகிறது. நிறத்தையும் உடலையும் இழிவு செய்யும் படங்கள், பெண்களைக் குறிவைக்கும் வசைகள், அனுமதியின்றி எடுக்கப்பட்ட தனிமனிதர்களின் முகங்கள் ஆகியவை நல்ல நகைச்சுவையைப் போலவே வேகமாகச் செல்கின்றன. கேலிக்குள்ளான ஒருவரால் அவற்றைத் திரும்பப் பெறவே முடியாது. அரசியல் கட்சிகளின் ஐடி பிரிவுகள் மீம்களைத் திட்டமிட்டே தயாரிப்பதால், எது மக்கள் குரல், எது கட்சிக் குரல் என்று பிரித்தறிவதும் கடினமாகிவிட்டது.

மறுபுறம், கேலிக்காகவே கைதானவர்களும் உண்டு. மேற்கு வங்க முதல்வரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காக 2012-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர்மீது ஏவப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் பகிர்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை 2018-இல் பகிர்ந்ததாக நடிகர் எஸ்.வி. சேகர் மீது தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்ய, 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஒரு செய்தியை அனுப்பி வைப்பவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்பது அந்தத் தீர்ப்பின் நிலைப்பாடு. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.