பஞ்சுக்குள் திருடன், இருட்டில் பளிச்!

வாங்க, என் பின்னாடியே வாங்க! ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கு என்றால் பன்னீர் திராட்சையும் சுருளி அருவியும்தான் நினைவுக்கு வரும். அங்கே போகும் பஸ்ஸின் ஜன்னலோரத்திலிருந்து இந்த நீளக் கட்டடங்களை எத்தனை தடவை பார்த்திருப்போம்! உள்ளே என்ன நடக்கிறதென்று இன்றைக்குப் பார்த்துவிடலாம்.

முதல் கூடம், பேல் எனும் பஞ்சுப் பொதிகளைப் பிரிக்கிற இடம். ஒரு பேல் சுமார் 170 கிலோ. கட்டை வெட்டியதும் பஞ்சு மூச்சுவிட்டு உப்புகிறது. வேலை செய்கிறவர்களுக்குத் தலையில் துண்டு, மூக்கில் மாஸ்க், மாஸ்க்குக்கு மேலே நரைத்த புருவம். நரையில்லை, பஞ்சு! இளவட்டப் பையன்கூட இங்கே தாத்தா மாதிரிதான் தெரிகிறான். வியர்வையில் பஞ்சுத்தூள் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரிக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்துக்கொள்கிறார்கள்.

சுவரோரம் ஒரு பலகை. அதுதான் இவர்களுடைய மியூசியம். பஞ்சுக்குள் அகப்பட்டதையெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார்கள்: கோழி இறகு, சணல் நார், சேலைக் கிழிசல், பாக்குப் பொட்டலம், தலைமுடிச் சுருள். "இது பூராம் பருத்திக் காட்டுலயே ஏறி வர்றதுண்ணே. கலர்னா கண்ணு பிடிச்சிரும். இந்த வெள்ளைச் சாக்கு நாருதான் படுத்துற பாடு" என்று அங்கிருந்த ஒரு பெரியவர் நார் ஒன்றைக் காட்டுகிறார்.

உரச்சாக்கின் நார் அது. வெள்ளைப் பஞ்சில் வெள்ளை நார், யார் கண்ணுக்குத் தெரியும்? சீவும் மெஷினில் அது துண்டு துண்டாகச் சிதறி நூலோடு நூலாகப் போய்விடும். சாயம் மட்டும் அதில் ஏறாது. கருநீலச் சட்டைத் துணியில் வெள்ளைக் கீறலாக முளைக்கும்போதுதான் திருடன் உள்ளே இருந்தது தெரியும். பருத்தி எடுக்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு துணிப்பையைக் கொடுத்தால் இந்தப் பாடு குறையும். அப்படி நடக்க வேண்டுமென்று மனசார ஆசைப்படுகிறேன்.

அதுவரை காவல்காரன் யார்? இதோ, ஆளுயரத்துக்கு மேலே நிற்கிற இந்தப் பெட்டி! கண்ணாடி வழியே எட்டிப் பாருங்கள். குழாய்க்குள் பஞ்சு காற்றோடு பறக்கிறது. புற ஊதா விளக்குகளின் ஒளி அதன்மேல் விழுகிறது, கேமராக்கள் விழித்துக்கொண்டிருக்கின்றன. வெளுப்பேற்றும் வேதிப்பொருள் சேர்ந்த துணி, நூல், காகிதம் எதுவானாலும் அந்த ஒளியில் நீலவெள்ளையாய் எரியும். பஞ்சும் ஒளிரும், ஆனால் மங்கலாக. பளிச்சென்றது தெரிந்த கணமே, டப்! அழுத்தக் காற்று ஒரு வீச்சு வீசி அந்தக் கொத்தை வெளியே தள்ளுகிறது. சில சாக்கு நார் ஒளிராமல் ஏமாற்றும். அதற்கென்று வேறு வகை ஒளியில் பார்க்கிற இன்னொரு கண்ணும் உள்ளே உண்டு.

தள்ளியதெல்லாம் கீழே ஒரு பெட்டியில் விழும். நல்ல பஞ்சும் சேர்ந்தே விழுந்திருக்கும். ஒரு அக்கா குத்தவைத்து அதைக் கிளறுகிறார். ஊதா நூல்துண்டு ஒன்று கிடைத்ததும் தங்கம் கண்ட மாதிரி தூக்கிக் காட்டுகிறார். "எந்த ஊருச் சேலையோ!"

அந்தப் பெட்டிக்குள் நடப்பதுபோல், ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருவதை 1852-ல் விளக்கியவர் விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1929-ல் வேதியியலாளர் பால் கிரைஸ் குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் சாற்றைக்கொண்டு துணியை வெளுப்பாகக் காட்டினார். அந்த வழியில் வந்தவைதான் இன்றைய சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பேற்றிகள்.

சரி, எனக்குப் பிடித்த அறைக்கு வந்துவிட்டோம். பேக்கிங் பக்கத்து இருட்டறை! கதவைச் சாத்தியதும் ஒரே சிரிப்பு. "அண்ணே, உங்க சட்டையப் பாருங்க!" சலவை செய்த என் வெள்ளைச் சட்டை நிலா மாதிரி எரிகிறது. பெண்கள் கூட்டத்தில் யார் பல் பளிச்சிடுகிறது என்று அடுத்த போட்டி.

ஆனால் கை நிற்பதில்லை. புற ஊதா விளக்குக்கடியில் நூல் சுற்றிய கோன்கள் வரிசையாக வருகின்றன. விளைந்த ஊர், ரகம், முற்றின பக்குவம், மழையில் நனைந்ததா இல்லையா, இவற்றுக்கேற்ப ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு அளவில் ஒளிரும். அதனால் வேறு பஞ்சில் நூற்ற வேறு லாட் நூல் தவறி ஒரு கோனில் சேர்ந்துவிட்டால், பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, இங்கே மோதிரம் போட்டதுபோல் ஒரு பட்டை எழும்பிவிடும். அதைத் தவறவிட்டால் சாயமேற்றிய துணியில் கோடு விழும்; முழுத் துணியும் திரும்பி வரும். முன்பு பார்த்த அந்தப் பெரிய பெட்டியைவிட இந்த இருட்டில் கோன் உருட்டுகிற விரல்கள்தான் என்னை அசத்தின. ஒரு பார்வை, ஒரு சுழற்று, அடுத்தது.

திடீரென ஒரு கை நிற்கிறது. "இந்தா, பட்டை!" கோன் தனிக் கூடைக்குப் போகிறது. சூப்பர்வைசர் ஓடி வந்து உள்ளே ஒட்டிய சீட்டைப் படிக்கிறார், எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று முணுமுணுத்தபடி வந்த வேகத்தில் திரும்புகிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏன் சார், டீ வாங்கித் தர மாட்டீகளா?" அறையே அதிர்கிறது. அடுத்த வண்டி வந்துவிட்டது. "கதவைச் சாத்துங்கண்ணே, வெளிச்சம் வருது!" கிளம்பச் சொல்கிறார்கள்!