கிரீம் பன் கோரிக்கையும் 200 கோடி ரூபாய் லாபியிங்கும்: கணக்குக் காட்டும் அமெரிக்கா... நம்ம ஊரில்?

2024 செப்டம்பர் 11, கோவை கொடிசியா வளாகம். சிறு, குறு தொழில்முனைவோருடன் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துரையாடிக்கொண்டிருந்தார். மைக் பிடித்த ஸ்ரீ அன்னபூர்ணா ஹோட்டல் குழுமத்தின் சீனிவாசன், பன்னுக்கு ஜி.எஸ்.டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவிகிதம் என்றார். கிரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என வாடிக்கையாளர்கள் கேட்பதாக அவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. அடுத்த ஓரிரு நாளில் அவர் அமைச்சரைச் சந்தித்து வருத்தம் தெரிவிக்கும் வீடியோ வெளியாக, சிரிப்பு சர்ச்சையானது. வீடியோ வெளியானதற்கு அப்போதைய பா.ஜ.க மாநிலத் தலைவர் அண்ணாமலை மன்னிப்பு கேட்டார்.

கேக், பேஸ்ட்ரி போன்ற பேக்கரி பொருள்களின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதமாகக் குறைந்தது தனிக் கதை. அரசிடம் ஒரு கோரிக்கை வைக்க கொங்கு மண்டலத்துக்குத் தெரிந்த வழி இதுதான்: மனு, சால்வை, மைக் கிடைத்தால் இரண்டு நிமிடப் பேச்சு.

இதே வேலையை ஒரு டெக் நிறுவனம் எப்படிச் செய்கிறது?

ஒரு நாளைக்கு 50 லட்சம்!

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்காரரான மெட்டா, 2024-ம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசிடம் தன் கருத்தை எடுத்துச் சொல்ல மட்டும் செலவழித்தது சுமார் 2.44 கோடி டாலர். நம்ம கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு வகுத்தால் 50 லட்சத்தைத் தாண்டுகிறது. இது விளம்பரச் செலவும் அல்ல, தேர்தல் நன்கொடையும் அல்ல. எம்.பி-க்களையும் அதிகாரிகளையும் சந்தித்துப் பேசும் ஆட்களுக்கான செலவு. குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு, தனியுரிமை, செயற்கை நுண்ணறிவு என நிறுவனத்தைத் தொடும் மசோதா எதுவானாலும் அங்கே இந்த ஆட்கள் இருப்பார்கள். இதற்குப் பெயர்தான் லாபியிங்.

லஞ்சமா என்றால், இல்லை. அமெரிக்காவில் இது சட்டப்படியான தொழில். 1995-ல் கொண்டுவந்த லாபியிங் வெளிப்படைச் சட்டப்படி எவ்வளவு செலவு, என்ன விஷயம், பேசியது யார், எந்தத் துறையிடம் என்று பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட எந்த எம்.பி-யைச் சந்தித்தார்கள் என்று மட்டும் சொல்லத் தேவையில்லை. ஓட்டை இருக்கிறதுதான். ஆனாலும் அந்த 200 கோடி நமக்குத் தெரிந்ததே இந்தச் சட்டத்தால்தான்.

ஒரே ஒரு க்ளிக்

இந்தியாவில் இதே நிறுவனம் எப்படி முயன்றது என்பது பலருக்கு மறந்திருக்கும். 2015 டிசம்பர். 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில் சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் காப்பாற்றச் சொல்லி, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம், ஊரெங்கும் விளம்பரப் பலகை. ஃபேஸ்புக்கைத் திறந்தாலே ஓர் அறிவிப்பு. அதை அழுத்தினால், ஏற்கெனவே எழுதிவைத்த ஆதரவுக் கடிதம் உங்கள் பெயரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'ட்ராய்'க்குப் போகும்.

லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. ஆனால், ஆணையம் கேட்ட கேள்வி, வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு டேட்டா கட்டணம் வைக்கலாமா என்பது. வந்த கடிதங்களோ 'ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்றன. கேட்டதற்குப் பதில் இல்லையே என்று ட்ராய் அதிருப்தியோடு கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8-ல் அப்படிப்பட்ட கட்டண வேறுபாட்டுக்கே தடை போட்டது. சில நாள்களில் அந்தத் திட்டம் இந்தியாவில் நின்றது. அதற்காக ஃபேஸ்புக் எவ்வளவு செலவழித்தது என்று கேட்க நம்மிடம் எந்தச் சட்டமும் இல்லை. இன்றும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை, இந்தியா தொடர்பான லாபியிங் செலவையும் நாம் அமெரிக்கக் காகிதத்தில்தான் படித்தோம். 2008-லிருந்து லாபியிங்குக்குச் செலவழித்த சுமார் 2.5 கோடி டாலரில், இந்தியச் சந்தையில் நுழைவதும் ஒரு விஷயம் என வால்மார்ட் அங்கே தாக்கல் செய்த விவரம் 2012 டிசம்பரில் செய்தியானது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி நாடே சண்டை போட்ட நேரம். நாடாளுமன்றம் முடங்கியது. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை நடந்தது. உறுதியான முடிவு எதுவும் வரவில்லை. 2013-ல் ஒடிசா எம்.பி காளிகேஷ் நாராயண் சிங் தேவ், லாபியிங் செலவை வெளியிடச் சொல்லும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. வால்மார்ட் மட்டும் 2018-ல் ஃப்ளிப்கார்ட்டை வாங்கிவிட்டது.

ஆட்டாங்கல்லும் க்யூ.ஆர் கோடும்

நமக்கு என்ன என்று தோன்றலாம். கோவையின் புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி வந்தபோது 28 சதவிகிதம். மனு மேல் மனு. 2017 நவம்பரில் 12 ஆனது, 2019-ல் 5 ஆனது. 2022 ஜூலை 18 அன்று ஒரே தாவலில் 18. ஒவ்வொரு முறையும் பட்டறைக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும், பத்திரிகையில் வந்துவிடும்.

அதே பட்டறை வாசலில் ஒட்டியிருக்கும் யு.பி.ஐ க்யூ.ஆர் கோடைப் பாருங்கள். எந்தச் செயலியும் மொத்தப் பரிவர்த்தனையில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 நவம்பரில் என்.பி.சி.ஐ அறிவித்தது. போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்தே சுமார் 80 சதவிகிதத்தை வைத்திருக்கின்றன. கெடு தள்ளிப்போய், மறுபடி தள்ளிப்போய், 2026 டிசம்பர் 31-ல் நிற்கிறது. யார் யாரைச் சந்தித்து என்ன பேசினார்கள்? அதைப் பார்க்க ஒரு பதிவேடு கிடையாது.

பணக் கணக்கு வெளியே வந்தால் என்ன தெரியும் என்பதைக் கோவைக்காரர்கள் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரம் வெளியானபோது, 1,368 கோடி ரூபாயுடன் முதலிடத்தில் இருந்தது கோவை முகவரி கொண்ட லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங். அது நன்கொடை, லாபியிங் வேறு. ஆனால், அதற்கும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இந்த அறிக்கைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகின்றன. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20-ம் தேதிவாக்கில் செனட் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் போதும், இலவசம். செல்போனிலேயே திறக்கும். 'இந்தியா' என்ற சொல் எந்த அறிக்கையில் வருகிறது என்றும் அப்படியே தேடிப் பார்க்கலாம்.