மண்டிக் கணக்கைத் திறக்கச் சொல்லும் சட்டம்

கலிபோர்னியா விவசாயி ஒருவர் ஒரு லாரி லெட்டூஸை நியூயார்க் மண்டிக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை, நாள்கணக்கில் ஓட்டம். சரக்கு இறங்கியதும் மண்டியிலிருந்து போன் வருகிறது: “பாதி அழுகல். பாதி விலைதான்.” நிஜமாகவே அழுகியதா, சந்தையில் விலை இறங்கிய பிறகு வந்த அழுகலா? விவசாயி ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. திருப்பி வரவழைத்தால் வழியிலேயே குப்பை.

இந்த வயிற்றெரிச்சலுக்காக 1930-ல் அமெரிக்கா கொண்டுவந்ததுதான் அழுகும் விளைபொருள் வணிகச் சட்டம். அங்கே சுருக்கமாக ‘பாக்கா’ என்பார்கள். காய், பழம் மொத்த வியாபாரிக்கும் தரகருக்கும் லைசென்ஸ் கட்டாயம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்ட 10 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும்.

சரி, மீறினால் யார் கண்டுபிடிப்பது? வேளாண்மைத் துறை. எழுத்தில் புகார் போனால், அதன் அதிகாரிகள் வியாபாரியின் கணக்கைப் பார்க்கலாம், சரக்கைச் சோதிக்கலாம், சாட்சிக்குச் சம்மன் அனுப்பலாம். தகவல் கொடுத்தவர் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும். அடுத்த லாரியையும் அதே ஆளிடம்தானே அனுப்பியாக வேண்டும்!

கணக்கைக் காட்ட மாட்டேன் என்று வியாபாரி அடம்பிடித்தால், யாரும் கதவை உடைப்பதில்லை. மறுத்த விவரத்தை ஊரறிய வெளியிடலாம். காட்டச் சம்மதிக்கும்வரை லைசென்ஸை நிறுத்திவைக்கலாம். கிடங்கில் பழம் கனிந்துகொண்டிருக்கும்போது லைசென்ஸ் இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? போலீஸை அனுப்புவதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது என்பேன். கணக்கே எழுதாதவருக்கும் 90 நாள்வரை லைசென்ஸ் நிறுத்தம் உண்டு. தகராறு விசாரணைக்கு வரும்போது தக்காளி மிஞ்சியிருக்காது, பில்தான் மிஞ்சும். ஆகவே 2 வருஷக் கணக்கைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார்கள்.

சோதிக்க வருகிறவரே விலைபோனால்? அதுவும் நடந்தது. நியூயார்க் பிராங்க்ஸில் இருக்கும் ஹண்ட்ஸ் பாயிண்ட் மொத்தச் சந்தையில் 1999-ல் அரசுப் பரிசோதகர்கள் 8 பேர் கைதானார்கள். நல்ல சரக்கை மட்டம் என்று சான்றிதழில் எழுத மண்டிக்காரர்களிடம் கைநீட்டியவர்கள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் தூரத்து விவசாயியிடம் விலையைக் குறைத்தார்கள். அவருடைய ஒரே பாதுகாப்பு எதுவோ அதையே அவர் கழுத்தில் வைத்தார்கள்.

குற்ற வழக்கு ஒருபக்கம் நடக்க, துறை பாக்கா சட்டத்தின்கீழ் அந்த மண்டிகள் சிலவற்றின் லைசென்ஸையும் பறித்தது. “காசு கொடுத்தது எங்கள் ஊழியர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. வேலை நிமித்தம் ஊழியர் செய்தது முதலாளி செய்ததுதான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.