நிமிர்ந்து நிற்கும் தெரு

மட்டாஞ்சேரியை ஒட்டிய துருத்தி காலனியில் வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக. ராஜீவ் ஆவாஸ் திட்டத்தில் 2013-ல் கிளம்பிய யோசனை, 2025 செப்டம்பரில்தான் இரட்டைக் கோபுரமாகத் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வருடம்! 394 குடும்பங்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொன்றும் சுமார் 300 சதுர அடி. கூடம், படுக்கையறை, சமையலறை, சின்ன பால்கனி.

குடிசைக்கு இது பெரிய விடுதலைதான். ஆனால் இப்படிப்பட்ட காலனிகளில் சந்து வெறும் வழியல்ல. துணி காயும் முற்றம், பிள்ளைகளின் மைதானம், வம்பு பேசும் திண்ணை எல்லாம் அதுவே. அந்த வேலையை இனி மாடித் தாழ்வாரம் செய்ய வேண்டும். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பால்கனித் தொட்டிதான் கதி. பத்தாவது மாடிப் பாட்டிக்கோ லிஃப்ட் ஓட வேண்டும். அதன் பராமரிப்புச் செலவு, மாதாமாதம் வரும்.